இருபத்துநான்கு என்ற எண்

புத்தகங்களைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. இந்தத் தடவை ஒரு வீட்டுச் சாமானைப் பற்றி எழுத உத்தேசம். ஏர்கண்டிஷனரோடு வரும் ரிமோட்டைத்தான் சொல்கிறேன். அதற்கும் விமர்சனத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சில வாசகர்கள் கேட்கலாம். என் பதில் சுலபமானது. நாவல் படிக்காத வீடுகள் உண்டு. பத்திரிகை வாங்காத வீடுகள் அதைவிட அதிகம். ஆனால் மார்ச் பிறந்துவிட்டால், அந்தச் சின்னத் திரையில் தெரியும் இரண்டு இலக்கத்தைப் படிக்காமல் தூங்கப் போகிறவர்கள் சிங்காநல்லூரில் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டு வருகிறார்கள். இத்தனை பேர் தினமும் படிக்கிற ஒன்று நன்றாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதும் விமர்சகன் வேலைதான்.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரிமோட்டுக்குப் பின்னால் இருக்கும் யோசனை மிக உயர்ந்தது. அந்த யோசனையை ரிமோட் மோசமாகச் சொல்கிறது. அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. யாரை மனத்தில் வைத்துக்கொண்டு அது சொல்கிறது என்பதில் ஓர் அநீதி இருக்கிறது.

யோசனையை முதலில் பார்க்கலாம். தான் செய்த வேலையைத் தானே பார்த்துத் திருத்திக்கொள்கிற யந்திரம் அது. அறையின் உஷ்ணத்தை அளக்கிறது. நாம் கேட்ட உஷ்ணத்தோடு ஒப்பிடுகிறது. வித்தியாசம் இருந்தால் வேலை செய்கிறது, தீர்ந்தால் ஓய்ந்துவிடுகிறது, மறுபடி ஏற்பட்டால் மறுபடி எழுந்திருக்கிறது. எழுதியதைத் திரும்பிப் பார்த்துத் திருத்துகிற எழுத்தாளர்களே அபூர்வமாக இருக்கும்போது, ஒரு தகரப் பெட்டி இதைச் செய்வது சாமானிய காரியம் அல்ல. 17-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்னீலியஸ் டிரெபெல் என்ற டச்சுக்காரர் முட்டை பொரிக்கும் அடுப்பு ஒன்றில் இப்படி உஷ்ணம் தானாகவே நிலைத்து நிற்கும்படி செய்தார். 1883-ல் வாரன் ஜான்ஸன் என்ற அமெரிக்கர் மின்சாரத்தால் இயங்கும் ஒன்றுக்குப் பேடண்ட் வாங்கினார். அவர் விஸ்கான்ஸினில் ஓர் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர். குளிர் காலத்தில் வகுப்பறை எவ்வளவு சூடாக இருக்கிறது என்று பார்க்கப் பள்ளிச் சிப்பந்தி அடிக்கடி கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருவான். அது அவருக்குத் தொந்தரவாக இருந்தது. அவர் செய்த சாதனம், அறையில் உஷ்ணம் மாறினால் கீழே கொதிகலன் அறையில் மணி அடித்துச் சொல்லும். வகுப்பறை தன் நிலைமையைத் தானே தெரிவித்தது. இந்த மணியை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

குளிர் தேசங்களில் இது வேறு உருவத்தில் வீட்டுக்குள் இருக்கிறது. ஜன்னலுக்குக் கீழே இரும்பு விலா எலும்புகள் மாதிரி ஒன்று. அதற்குள் வெந்நீர் ஓடும். ரேடியேட்டர் என்று பெயர். அதன் ஓரத்தில் ஒரு திருகு. அறை போதிய அளவு சூடானதும் வெந்நீரைத் தானே குறைத்துக்கொள்ளும் திருகை டென்மார்க்கில் மாட்ஸ் கிளவுஸன் 1943-ல் கண்டுபிடித்தார். இப்போது அந்தத் திருகுக்குச் சின்ன மோட்டாரும் திரையும் வந்துவிட்டன. காலை 6 மணிக்குச் சூடாக்கு, வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் குறைத்துவிடு என்று வாரம் முழுவதற்கும் முன்கூட்டியே எழுதி வைக்கலாம். கம்பி இல்லாமல் அடுத்த அறையிலிருந்தே உத்தரவு போடலாம். ஜெர்மனியில் வேலை பார்க்கும் எங்கள் ஊர்க்காரர் ஒருவர், தம் வீட்டுக்கு விருந்தாட வருகிற தமிழர்கள் எல்லாரும் அதில் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள் என்று சொன்னார். குளிர்கிறது என்றதும் அதைக் கடைசி எண்ணுக்குத் திருகிவிடுகிறார்கள். கால் மணி நேரம் கழித்து வியர்க்கிறது என்று ஜன்னலைத் திறக்கிறார்கள்.

சிங்காநல்லூரிலும் நடப்பது அதேதான், தலைகீழாக. வெயிலில் வந்தவர் ரிமோட்டை எடுத்து 16-க்கு இறக்குகிறார். சீக்கிரம் குளிரட்டும் என்பது எண்ணம். பிறகு விறைத்துப்போய்ப் போர்வையைத் தேடுகிறார்.

16 என்று வைத்தால் சீக்கிரம் குளிராது. பழைய ரக யந்திரத்தில் கம்ப்ரஸருக்கு ஓடுவது, நிற்பது என்று இரண்டே நிலை. 24 கேட்டாலும் 16 கேட்டாலும் அது ஒரே வேகத்தில்தான் ஓடும். எங்கே நிற்கும் என்பதுதான் மாறும். இன்வர்ட்டர் ரகம் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். ஆனால் மாலை வெயிலில் காய்ந்த மொட்டை மாடிக்கு அடியில் இருக்கும் அறை என்றால், 24-ஐ எட்டுவதற்கே அதுவும் பெரும்பாலும் முழு பலத்தையும் செலவழித்துக்கொண்டிருக்கும். ஆகவே 16 என்பது அவசரம் அல்ல. அது ஒரு தூரமான ஊரின் பெயர். திருப்பூருக்குப் போக வேண்டியவன் வேகமாகப் போகலாம் என்று மெட்ராஸுக்கு டிக்கெட் வாங்குகிற மாதிரி.

இது நம்மவர்களுக்கு மட்டும் உள்ள குணம் என்று நினைக்க வேண்டாம். வில்லெட் கெம்ப்டன் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1986-ல் இதைப் பற்றி எழுதினார். தெர்மோஸ்டாட்டை ஒரு குழாயாக நினைத்து, அதிகம் திறந்தால் அதிகம் வரும் என்று நம்புகிறவர்கள் அமெரிக்காவிலேயே நிறையப் பேர் என்று அவர் கண்டார்.

படிப்பில்லாத தப்பு என்று இதைத் தள்ளிவிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. நம் வீட்டில் எண் போட்டிருக்கும் மற்றச் சாமான்களைப் பாருங்கள். ஃபேன் ரெகுலேட்டரில் 5 என்றால் வேகம். மிக்ஸியில் 3 என்றால் வேகம். எல்லாமே குழாய்கள்தான். முப்பது வருஷமாக இவற்றைப் படித்துப் பழகிய ஒருவர் கையில், அதே மாதிரி எண்ணையும் ஏற்ற இறக்க அம்புக்குறியையும் போட்டு ஒரு ரிமோட்டைக் கொடுத்தால் அவர் வேறு எப்படிப் படிப்பார்? வாசகன் தவறாமல் ஒரே இடத்தில் இடறினால் குற்றம் வாசகனுடையது அல்ல, எழுதினவனுடையது. நாவலுக்கு ஒப்புக்கொள்கிற இந்த நியாயத்தை யந்திரத்துக்கு மட்டும் ஏன் மறுக்க வேண்டும்?

இரண்டாவது குறை இன்னும் பெரியது. ரிமோட்டின் திரையில் 24 என்று தெரிகிறது. அது எதன் உஷ்ணம்? அறையினுடையதா? இல்லை. நாம் கேட்டது அது. அறை 31-ல் இருக்கும்போதும் திரை 24 என்றே அமைதியாகச் சொல்லிக்கொண்டிருக்கும். நாம் கேட்டது யந்திரத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதுகூடப் பெரும்பாலான ரிமோட்டுகளுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் ஒன்றை அது சுவரைப் பார்த்து வீசுகிறது. குறுக்கே திரைச்சீலை இருந்தாலும், ஆள் நின்றாலும், கை திரும்பியிருந்தாலும் கதிர் போய்ச் சேராது. சுவரில் இருக்கும் யந்திரம் கேட்டால் 'பீப்' என்று ஒரு சத்தம் போடும், கேட்காவிட்டால் மௌனம். ரிமோட்டோ, கேட்டாலும் கேட்காவிட்டாலும் தன் எண்ணை மாற்றிக்கொண்டுவிடும். தபாலில் போட்ட கடிதம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று தானே கையெழுத்துப் போட்டுக்கொள்கிற மாதிரி. ஜான்ஸனின் மணியை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த மூல யோசனையில் அறைதான் பேசியது. 140 வருஷத்துக்குப் பிறகு நம் கைக்கு வந்திருப்பது ஒருவழிப் பேச்சு.

எங்கே அளக்கிறது என்ற கேள்வியும் இருக்கிறது. பெரும்பாலான வீடுகளில் உஷ்ணத்தை உணரும் கருவி, கூரையை ஒட்டி மாட்டியிருக்கும் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. உஷ்ணக் காற்று மேலே போகும் என்பது எல்லாருக்கும் தெரிந்தது. தூங்குகிறவர் கீழே கிடக்கிறார். சில ரகங்களில் ரிமோட்டுக்குள்ளேயே ஓர் உணர்கருவி வைத்து, ரிமோட் இருக்கும் இடத்தின் உஷ்ணத்தைப் பெட்டிக்குச் சொல்லும்படி செய்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் அதை யாரும் உபயோகித்து நான் பார்த்ததில்லை. அந்தப் பொத்தானின் பெயர் ஆங்கிலத்தில் இருக்கிறது. பெயரைப் படித்தாலும் பொருள் விளங்காது. விளங்கின பிறகும் ரிமோட்டைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினால், அது சொல்வது பெட்டிக்குப் போய்ச் சேராது.

இதுவரை சொன்னது நடையின் குறை. இனிக் கதாபாத்திரத்துக்கு வருகிறேன்.

எந்த நூலுக்கும் ஆசிரியர் மனத்தில் ஒரு வாசகன் இருப்பான். 24, 22 என்ற இந்த எண்களுக்குப் பின்னால் இருக்கிறவர் யார்? டென்மார்க்கைச் சேர்ந்த ஃபாங்கர் 1970-ல் வெளியிட்ட புத்தகத்தில் மனித சௌகரியத்தைக் கணக்காக எழுதினார். உடம்பு உண்டாக்கும் சூடு, உடுத்திய துணி, காற்றின் வேகம், ஈரப்பதம் எல்லாம் அதில் உண்டு. பெரிய கட்டடங்களின் உஷ்ணத்தை வகுத்தவர்கள் அவர் வழியில்தான் போனார்கள். 2015-ல் நெதர்லாந்து விஞ்ஞானிகள் இருவர் அந்தக் கணக்கைத் திரும்பப் பார்த்தார்கள். உடம்பின் சூட்டுக்கு அதில் எடுத்துக்கொண்ட அளவு, 40 வயதான, 70 கிலோ எடையுள்ள ஒரு சராசரி ஆணுடையது என்றும், பெண்களின் சூட்டை அது 35 சதவீதம் வரை அதிகமாக மதிப்பிடக்கூடும் என்றும் எழுதினார்கள்.

நாற்பது வயது, எழுபது கிலோ, ஆண். ஏறக்குறைய நான்தான் அது. கதாநாயகனாக இருப்பது எனக்குச் சந்தோஷமாக இல்லை. ஏனென்றால் எங்கள் வீட்டில் இன்னும் நாலு பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தக் கதையில் இடம் இல்லை. என் தாயார் எழுபது வயதைத் தாண்டியவர். கோடையில் மாடி அறை தாங்காது என்று எல்லாரும் ஒரே அறையில் படுக்கிறோம். நடுச்சாமத்தில் அவர் எழுந்து, முந்தானையால் காதைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "என்னம்மா?" என்றால், "ஒண்ணுமில்ல கண்ணு, காத்து எலும்புல போயி உக்காந்துக்குது. நீங்க தூங்குங்க" என்பார். ரிமோட் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருக்கும். அவர் தொடமாட்டார். அந்த எழுத்து அவருக்கு எழுதப்பட்டது அல்ல என்று அவருக்குத் தெரியும். வாதம் செய்து ஓர் எண்ணைக் கூட்டச் சொல்லலாம். பேரன் வியர்க்கிறது என்பான். வீட்டில் யார் சௌகரியம் யாருக்கு மேல் என்ற பழைய கேள்வியை இந்தச் சாதனம் தீர்த்துவைக்கவில்லை. ரிமோட் யார் கையில் இருக்கிறதோ அவர் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

கொங்கு நாட்டாருக்கு இது புதிய அனுபவமும் அல்ல. 1888-ல் ஸ்டேன்ஸ் மில் தொடங்கி, 1930-களில் பைகாரா மின்சாரம் வந்தபின் வரிசையாக எழும்பிய பஞ்சாலைகளில், காற்றை ஒழுங்கு செய்வது என்றைக்கும் இருந்தது. உண்மையில் ஏர்கண்டிஷனிங் என்ற சொல்லே பஞ்சாலையில் பிறந்ததுதான். 1902-ல் வில்லிஸ் கேரியர், நியூயார்க்கில் ஓர் அச்சகத்தின் காகிதம் ஈரத்தில் சுருங்கி விரியாமல் இருப்பதற்காகத் தம் முதல் யந்திரத்தைத் திட்டமிட்டார். 1906-ல் ஸ்டூவர்ட் கிரேமர் என்ற அமெரிக்க மில் இஞ்சினீயர், நூல் அறுபடாமல் இருக்கக் காற்றில் ஈரம் சேர்க்கும் முறைக்கு அந்தப் பெயரை வைத்தார். காகிதத்துக்காக ஒன்று, நூலுக்காக ஒன்று. மனிதன் அப்போது கணக்கிலேயே இல்லை.

என் தகப்பனார் ஸ்பின்னிங்கில் இருந்தவர். காற்று வறண்டால் இழை அறும். ஈரம் மிஞ்சினால் பஞ்சு உருளையில் சுற்றிக்கொள்ளும். அதனால் ஜன்னல்கள் மூடியே இருக்கும். ஈரக் காற்று உள்ளே வந்துகொண்டிருக்கும். தூணில் மாட்டியிருக்கும் ஈரக் குமிழ், உலர் குமிழ் இரண்டையும் பார்த்து ஒருவர் நோட்டில் குறித்துக்கொண்டு போவார் என்று அப்பா சொல்வார். "நூலுக்கு மேலுக்குச் சரியில்லைன்னா உடனே பாப்பாங்க" என்பது அவர் வாக்கு. புகாராகச் சொன்னது அல்ல, சிரித்துக்கொண்டுதான் சொல்வார். எங்கள் பகுதியில் மில்கள் பல இன்று மூடிக் கிடக்கின்றன. ஆனால் அந்த முறை வீட்டுக்கு வந்துவிட்டது. அன்றைக்கு நூலுக்காக வைத்த எண்ணில் ஆட்கள் இருந்தார்கள்; இன்றைக்கு ஒரு சராசரி ஆணுக்காக வைத்த எண்ணில் குடும்பம் இருக்கிறது.

எண்ணே கூடாது என்று நான் சொல்லவில்லை. எண்ணுக்கு ஒரு பிரயோஜனம் இருக்கிறது. எல்லாரும் அதை வைத்துப் பேசலாம். எரிசக்தித் திறன் செயலகத்தின் விதிப்படி, 2020 ஜனவரி 1 முதல் நட்சத்திர முத்திரை பெறும் அறை ஏர்கண்டிஷனர்கள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும். ஒரு டிகிரி கூட்டினால் மின்சாரத்தில் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்பது அவர்கள் கணக்கு. 2025 ஜூனில் மத்திய மின்துறை மந்திரி, புதிய யந்திரங்கள் 20-க்குக் கீழே போகாதபடியும் 28-க்கு மேலே போகாதபடியும் வரம்பு கட்டப்போவதாகச் சொன்னார். 18-ல் தொடங்குவதைவிட 24-ல் தொடங்குவது நல்லது, சந்தேகம் இல்லை. ஆனால் 24 என்பது ஒரு பஞ்சாயத்து முடிவு; எல்லா உடம்புக்கும் பொருந்தும் உண்மை என்று அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. அகமதாபாத்தில் இருக்கும் செப்ட் பல்கலைக்கழகத்தார் சென்னை உட்பட 5 இந்திய நகரங்களில் அலுவலகங்களில் இருப்பவர்களையே நேரில் கேட்டுப் பார்த்தார்கள். ஜன்னல் திறந்திருக்கும் கட்டடங்களில், வெளியே உஷ்ணம் ஏற ஏற நம்மவர்கள் 28 டிகிரியையும் சௌகரியம் என்றே சொன்னார்கள். காற்று ஓட வேண்டும், பழகின உடம்பாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஜூனில் காற்று புறப்பட்டு வந்துவிட்ட பிறகும் ஜன்னலை அடைத்துக்கொண்டு 22 கேட்கிற கோயமுத்தூர்க்காரருக்கு இதைச் சொல்லத்தான் வேண்டும்.

என்னை மிகவும் உறுத்துவது பாஷை விஷயம். நான் பார்த்த எந்த ரிமோட்டிலும் தமிழ் இல்லை. பொத்தான்களை மொழிபெயர்த்துவிட்டால் போதும் என்றும் நான் நினைக்கவில்லை. நமக்குச் சூடு ஒன்றல்ல. சித்திரை மத்தியானத்தில் சுவரும் தரையும் அடிப்பது வெக்கை. மழைக்கு முந்தின சாயங்காலம் காற்று அசையாமல் உடம்பு நசநசவென்று இருப்பது புழுக்கம். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூட இரண்டையும் குழப்பமாட்டாள். ரிமோட்டிலும் இந்த வித்தியாசம் உண்டு என்பதுதான் வேடிக்கை. பனிப் பூ போட்ட பொத்தான் குளிர்விக்கிறது. நீர்த்துளி போட்ட பொத்தான் முக்கியமாக ஈரத்தை வாங்குகிறது. முதலாவது வெக்கைக்கு, இரண்டாவது புழுக்கத்துக்கு. ஆனால் நீர்த்துளியைப் பார்க்கிறவர்கள் தண்ணீர் தெளிக்கும் என்று நினைத்து அதைத் தொடாமலே விட்டுவிடுகிறார்கள். 'வெக்கை', 'புழுக்கம்' என்று இரண்டு சொற்களை அந்த இடத்தில் எழுதியிருந்தால் விளக்கப் புத்தகத்தில் பாதிக்கு வேலை இருக்காது.

நல்ல பகுதி ஒன்றையும் சொல்லாமல் விடுவது விமர்சன தர்மம் அல்ல. பிறைச் சந்திரன் போட்ட பொத்தான் ஒன்று பெரும்பாலான ரிமோட்டுகளில் இருக்கிறது. அதை அழுத்தினால் மணிக்கு ஒரு டிகிரி என்ற மாதிரி உஷ்ணத்தை மெல்ல ஏற்றி, இரண்டு மூன்று டிகிரியில் நிறுத்திக்கொள்ளும். தூங்கும் உடம்பு வேறு, விழித்திருக்கும் உடம்பு வேறு என்று தெரிந்த ஒருவர் அதை எழுதியிருக்கிறார். இரவு 10 மணிக்கு வேண்டியது விடியற்காலை 3 மணிக்கு வேண்டியிராது. கதையில் காலம் நகர்கிறது. வாரம் முழுவதும் எழுதி வைக்கக்கூடிய அந்தக் குளிர் தேசத்துத் திருகின் சிறப்பும் இதுதான். நம் யந்திரத்தில் இவ்வளவு அருமையான இடம் மூலையில், பெயர் இல்லாமல், ஒரு சந்திரப் படத்தோடு கிடக்கிறது. எண்ணோ நடுவில், பெரிய எழுத்தில் உட்கார்ந்திருக்கிறது.

டெலிபோன் மூலம் ஆளக்கூடிய புதிய ரகங்களில் யந்திரம் பதில் சொல்கிறது. அறையின் உஷ்ணத்தையும் காட்டுகிறது. ஒருவழிப் பேச்சு என்ற குறை அவற்றில் தீர்ந்திருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டெலிபோன் சம்பாதிக்கிறவன் சட்டைப்பையில் இருக்கிறது. அவன் ஆபீஸிலிருந்துகொண்டே வீட்டின் குளிரை மாற்றலாம். வீட்டில் இருக்கிறவர்கள்?

என் தீர்ப்பு இது. அறையின் இப்போதைய உஷ்ணத்தைப் பெரிதாகவும், நாம் கேட்டதைச் சிறிதாகவும் காட்டுகிற ரிமோட் வேண்டும். வெக்கை, புழுக்கம், தூக்கம் என்ற மூன்று பொத்தான்கள் தமிழில் வேண்டும். அதுவரை வீட்டில் இருக்கிறவர்கள் செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. 26 அல்லது 27-ல் வைத்துக் கூடவே ஃபேனையும் போடலாம். குளிர்ச்சி குறையாது, மின்சாரம் மிஞ்சும். காற்று வயதானவர் மேல் நேராக விழாமல் திருப்பி வைக்கலாம். சந்திரப் பொத்தானை அழுத்தலாம். எண்ணை யார் வைப்பது என்பதை மட்டும் யந்திரம் சொல்லிக்கொடுக்காது. அறையில் அதிகம் குளிர்கிறவர் யாரோ, அவரைக் கேட்டுவிட்டு வைக்க வேண்டும்.